எது முன்னால் வருகிறதோ அது

வண்டிக்கு மூணு வயசு முடிந்து பதினோராம் நாள் ஏ.சி. படுத்துவிட்டது. இடம் திருச்சானூர், மாதம் மே. இதைவிடப் பொருத்தமான இடமும் நேரமும் அதற்குக் கிடைத்திருக்காது.

லீவில் ஊருக்குப் போனால் திருப்பதி போகாமல் திரும்பக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். (இங்கே நியூஜெர்சியில், பிரிட்ஜ்வாட்டர் கோயிலில் அதே பெருமாளைத்தானே பார்க்கிறோம் என்றால் அம்மாவிடம் எடுபடாது.) முதலில் கீழே தாயார், அப்புறம்தான் மலை. பத்மாவதித் தாயாரைச் சேவித்துவிட்டு வந்து வண்டியைக் கிளப்பினால் காற்று வருகிறது, ஆனால் அடுப்பங்கரைக் காற்று. பின் சீட்டில் எழுபது தாண்டிய அப்பா, அம்மா, அவர்களுக்கு நடுவில் பனியில் வளர்ந்த என் பெண். தங்கமணி ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

ரேணிகுண்டா ரோட்டில் ஒரு மெக்கானிக் பார்த்தார். பாதி தெலுங்கு, பாதி தமிழ். "கேஸ் லேது அண்ணா. கூலிங் காயில்ல லீக். டேஷ்போர்டு மொத்தம் கழட்டணும், இங்க வேணாம், சென்னைல பாத்துக்கோங்க" என்று கேஸ் மட்டும் ஏற்றிவிட்டார். கேட்டதும் கண்டுபிடித்ததை பில்லில் எழுதியும் கொடுத்தார். சென்னை சர்வீஸ் சென்டரில் எஸ்டிமேட் இருபத்து நாலாயிரம். "பதினோரு நாள் தாண்டிருச்சு சார், சிஸ்டமே எடுக்காது" என்றார் அங்கிருந்த தம்பி. கல்யாணத்துக்குக் குபேரனிடம் வாங்கிய கடனுக்குப் பெருமாள் இன்னமும் வட்டி கட்டுகிறார் என்பார்கள். அந்தப் பத்திரத்துக்குக் கலியுகம் முடியும்வரை தவணை. வாரண்டிப் பத்திரத்தில் மட்டும் மூணே வருஷம் எப்படி வந்தது? இந்தத் தேதியை யார் வைத்தது?

கார் ஏ.சி.யின் கதை வாரண்டியின் கதையைவிடச் சின்னது. 1939 நவம்பரில் சிகாகோ கண்காட்சியில் பேக்கார்ட் கம்பெனி குளிரூட்டிய காரைக் காட்டியது. பாதி டிக்கியை அந்த எந்திரமே அடைத்துக்கொண்டது. கம்ப்ரஸருக்குக் கிளட்ச் இல்லை, அதனால் குளிர் வேண்டாமென்றால் வண்டியை நிறுத்தி, பானெட்டைத் திறந்து பெல்ட்டைக் கழற்ற வேண்டும்! இரண்டு மூன்று வருஷத்தில் கைவிட்டார்கள். 1954-இல் நாஷ் கம்பெனி எல்லாவற்றையும் முன்பக்கமே அடக்கிய பிறகுதான் இன்றைய வடிவம் வந்தது. கம்ப்ரஸர், கண்டென்ஸர், எக்ஸ்பான்ஷன் வால்வு, டேஷ்போர்டுக்குள் கூலிங் காயில். எல்லாம் மூடிய வட்டம். பெட்ரோல் போல கேஸ் செலவாகித் தீருகிற பொருள் இல்லை. சில மாதத்தில் குளிர் நின்றுபோகிற அளவுக்குக் குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்றுதான் அர்த்தம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது வாரண்டி. நான் இருக்கும் எடிசனிலிருந்து கார்டன் ஸ்டேட் பார்க்வேயில் வடக்கே போனால் ப்ளூம்ஃபீல்ட் என்று ஓர் ஊர் வரும். 1955 மே மாதம் அங்கே ஒருவர் அன்னையர் தினப் பரிசாக மனைவிக்கு ஒரு ப்ளிமத் கார் வாங்கினார். பத்துப் பன்னிரண்டு நாளில், 468 மைல் ஓடியிருந்தபோது, அந்த அம்மா ஓட்டிக்கொண்டிருக்கையில் கீழே ஏதோ உடைகிற சத்தம். ஸ்டியரிங் கையை விட்டுச் சுழன்று வண்டி செங்கல் சுவரில் போய் மோதியது. கம்பெனி, வாங்கிய தாளின் பின்பக்கத்தைக் காட்டியது. 90 நாள் அல்லது 4,000 மைல், எது முன்னால் வருகிறதோ அதுவரை, கெட்டுப்போன பாகத்தை மட்டும் மாற்றித் தருவோம். மற்ற எந்தப் பொறுப்பும் எங்களுக்கு இல்லை.

அந்த வாசகம் ஒரு கம்பெனியுடையது இல்லை. கார் உற்பத்தியாளர் சங்கம் எழுதி, உறுப்பினர் எல்லோரும் பயன்படுத்திய ஒரே அச்சு. 1958-இல் அமெரிக்கக் கார்களில் 93.5 சதவீதம் மூன்று கம்பெனிகளுடையவை, மூன்றுமே அந்தச் சங்கத்தில் இருந்தன. இது வேண்டாமென்றால் வேறு எங்கே போய் வாங்குவது? ஹென்னிங்சன் வழக்கு என்று பெயர் பெற்ற இதில் 1960 மே மாதம் நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் இதைத்தான் கேட்டது. கார் என்று விற்றால் அது காராக ஓட வேண்டும், அந்த உறுதியைப் பொடி எழுத்தில் அழித்துவிட முடியாது என்றது. வாரண்டி என்று நாம் நினைத்துக்கொண்டிருந்த காகிதம் உண்மையில் கம்பெனி தன் பொறுப்புக்குப் போட்ட வேலி என்பது அப்போதுதான் பலருக்கும் உறைத்தது. சீக்கிரமே போட்டியும் வந்தது. ஃபோர்டு 1961 மாடல்களுக்கு 12 மாதம், 12,000 மைல் என்றது. கிரைஸ்லர் 1963-இல் எஞ்சின், கியர் பகுதிக்கு 5 வருஷம், 50,000 மைல் என்றது. வேலி நகர்ந்தது, அவ்வளவுதான்.

(அதே 1960 ஏப்ரல் 1-இல்தான் திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. திருப்பதி அந்தப் பக்கமே நின்றது. ம.பொ.சி. கதையை அப்பா திருத்தணி தாண்டும்போதெல்லாம் சொல்வார். இந்த முறையும் வியர்க்க வியர்க்கச் சொன்னார்.)

நம் ஊரில் இந்த உறுதி அதற்கும் பழையது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 16. விற்கிற பொருள் அதன் வேலைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பது, சில நிபந்தனைகளோடு, சொல்லாமலே உள்ள உறுதி. எழுத்தில் வாரண்டி கொடுத்ததால் மட்டும் அது போய்விடாது, இரண்டும் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தால் ஒழிய, என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஒப்பந்தத்தில் எழுதி அதை விலக்கவும் சட்டம் இடம் கொடுக்கிறது. அதனால் அந்தப் புத்தகத்தை ஒருமுறையாவது படியுங்கள். பெரிதாக எதிர்பார்க்கவும் வேண்டாம். 2006-இல் மாருதி உத்யோக் தொடர்பான வழக்கில், பாகத்தை மாற்றத்தான் வாரண்டி, முழு வண்டியை மாற்ற அல்ல என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. குறையை நிரூபிப்பதும் நம் தலையில்தான்.

வெளியே இருக்கிறவர்களுக்கு ஒரு வரி. இங்கிலாந்தில் விற்றவர்மீது ஆறு வருஷம் வரை வழக்குப் போடலாம். ஆஸ்திரேலியாவில் 2011 முதல் சட்டம் தரும் உறுதி கம்பெனி வாரண்டியோடு முடிவதில்லை. அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைச் சுத்தமாக மறுக்க முடியாது, ஆனால் எழுதிக்கொடுத்த வாரண்டியின் காலத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஹென்னிங்சன் நாட்டிலேயே இப்படி!

எங்கள் கதைக்கு வருகிறேன். நான் கார்டை எடுத்துத் தேய்க்கத் தயாராகிவிட்டேன். "இருபத்து நாலாயிரம்தானே, விடுங்கப்பா, லீவே பத்து நாள்தான் இருக்கு" என்றேன். டாலரில் கணக்குப் போட்டுப் பேசியது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "உனக்கு அது காசு. எனக்கு இது நியாயம்டா" என்று சொல்லிவிட்டு பீரோவிலிருந்து ஒரு ஃபைலை எடுத்தார். அரசாங்க ஆபீஸில் முப்பது வருஷம் ஃபைல் பார்த்த கை. பிப்ரவரி மாத சர்வீஸ் ஜாப் கார்டு அதில் இருந்தது. "ஏ.சி. கூலிங் குறைவு, கேஸ் டாப்-அப்." வாரண்டி இருக்கும்போதே கேஸ் குறைந்திருக்கிறது. எங்கே போனது என்று பார்க்காமல் நிரப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

அன்று ராத்திரி இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு பக்கக் கடிதம் எழுதினோம். குறை பிப்ரவரியிலேயே எழுதப்பட்டிருக்கிறது, லீக் டெஸ்ட் செய்யவில்லை, திருப்பதி மெக்கானிக் பில் இத்துடன் இணைப்பு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி இரண்டு வருஷத்துக்குள், நாங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுப்போம் என்றும் மரியாதையாகச் சேர்த்தோம். மிரட்டல் வாசகம் ஒன்று நான் எழுதியிருந்தேன். அப்பா அடித்துவிட்டார். நகல் கம்பெனித் தலைமை அலுவலகத்துக்கு.

நான் விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் போன் வந்தது. கூலிங் காயில் இலவசம், "குட்வில்" அடிப்படையில். தவறு என்று ஒப்புக்கொள்ளும் வார்த்தை எங்கேயும் வராமல் பேசினார்கள். கழற்றி மாட்டும் கூலி மட்டும் எங்களுடையது, ஆறாயிரத்துச் சொச்சம். இன்னும் வாதாடலாம் என்றேன். அப்பா வேண்டாமென்றார்.

போன வாரம் பேசும்போது ஏ.சி. எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "ஸ்வெட்டர் போட்டுக்கற மாதிரி இருக்கு. புது காயிலுக்கு எவ்வளவு நாள் வாரண்டின்னு எழுதி வாங்கிட்டேன்" என்றார்.