இனவசை: இங்கிலாந்துக் கால்பந்தில்

ஆட்டக்காரரின் நிறத்தையோ பிறப்பையோ இழித்துச் சொல்லும் பேச்சு, கோஷம், குரங்கொலி, சைகை எல்லாம் சேர்ந்ததே கால்பந்தில் இனவசை எனப்படுகிறது. இங்கிலாந்தில் தொழில்முறைக் கால்பந்து தொடங்கிய காலத்திலேயே கறுப்பின ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். ஆனால் மைதானத்து இனவசையைத் தனிக் குற்றமாக்கிய சட்டம் வர 1991 ஆயிற்று.

இன்றைய கானாவின் அக்ராவில் 1865இல் பிறந்த ஆர்தர் வார்ட்டன், உலகின் முதல் கறுப்பினத் தொழில்முறை ஆட்டக்காரராகக் கருதப்படுகிறார். கோல்கீப்பரான அவர் 1889இல் ராதர்ஹாம் டவுன் அணியில் சம்பளத்துக்குச் சேர்ந்தார். இருபது ஆண்டு கழித்து, டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பரின் வால்டர் டல் பிரிஸ்டலில் ஆடியபோது பார்வையாளர்களில் ஒரு பகுதியினர் அவரை நிறம் சொல்லித் திட்டித் தீர்த்தார்கள். லண்டன் மீன் சந்தையில்கூட இப்படிப் பேச மாட்டார்கள் என்ற தொனியில் ஒரு பத்திரிகையாளர் கண்டித்து எழுதினார். ஆனால் சில நாட்களில் முதல் அணியில் இடம் இழந்தது டல்தான். 1911இல் அவர் நார்த்தாம்ப்டனுக்கு விற்கப்பட்டார். 1918இல் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரியாகப் பிரான்ஸ் போர்முனையில் மாண்டார்.

1970களில் கரீபியத் தீவுகளிலிருந்து குடியேறியவர்களின் பிள்ளைகள் பெரிய அணிகளுக்கு வரத் தொடங்கியபோது வசையும் பெருகியது. தேசிய முன்னணி என்ற நிறவெறிக் கட்சி மைதான வாசல்களிலேயே பத்திரிகை விற்று ஆள் சேர்த்தது. வெஸ்ட் பிராம்விச் ஆல்பியனில் சிரில் ரெஜிஸ், லாரி கன்னிங்ஹாம், பிரெண்டன் பேட்சன் ஆகிய மூவரும் சேர்ந்து ஆடிய பருவங்களில் எதிரணி ரசிகர்களின் குரங்கொலி வழக்கமான ஒன்றாகவே இருந்தது. 1982இல் இங்கிலாந்து அணிக்குத் தேர்வான ரெஜிஸுக்குத் தபாலில் ஒரு துப்பாக்கிக் குண்டு வந்தது. 1984இல் மரக்கானா மைதானத்தில் பிரேசிலின் தடுப்பாட்டக்காரர்களை ஒருவர் பின் ஒருவராகக் கடந்து இங்கிலாந்தின் ஜான் பார்ன்ஸ் அடித்த கோல் இன்றும் பேசப்படுகிறது. இங்கிலாந்து 2-0 என வென்றது. அணி வந்த விமானத்திலேயே இருந்த தேசிய முன்னணி ஆட்களோ, கறுப்பன் அடித்த கோல் கணக்கில் சேராது, வெற்றி 1-0தான் என்றார்கள்.

அந்தக் காலத்து மேனேஜர்களின் அறிவுரை ஒன்றுதான்: காதில் போட்டுக்கொள்ளாதே, கோல் போட்டுக் காட்டு. இங்கிலாந்துக்காக முழு சர்வதேச ஆட்டம் ஆடிய முதல் கறுப்பின ஆட்டக்காரர் விவ் ஆண்டர்சன் (1978) இதற்கு ஒரு கதை சொல்வார். கார்லைல் மைதானத்தில் கோட்டோரம் உடலைச் சூடேற்றிக்கொண்டிருந்தவர்மேல் பழங்கள் பறந்து வந்தன. திரும்பி வந்து உட்கார்ந்தவரை நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் மேனேஜர் பிரையன் கிளஃப், திரும்பப் போய் எனக்கு இரண்டு பேரிக்காயும் ஒரு வாழைப்பழமும் கொண்டு வா என்று அனுப்பினாராம். அது தன்னை உறுதிப்படுத்தியது என்று ஆண்டர்சனே சொல்கிறார். அதை மறுக்க நமக்கு உரிமையில்லை. ஆனால் எறிந்தவனை விட்டுவிட்டு, எறிபட்டவனைத் தேற்றுவதே அன்றைய ஏற்பாடு.

ஹில்ஸ்பரோ மைதான நெரிசல் பேரிடருக்குப் பின் நீதிபதி டெய்லர் அளித்த அறிக்கையின் வழியே 1991 கால்பந்துக் குற்றங்கள் சட்டம் வந்தது. அதிலும் ஒரு ஓட்டை இருந்தது. ஒன்றுக்கு மேற்பட்டோர் சேர்ந்து எழுப்பினால்தான் அது கோஷம்; தனியாளாகக் கத்தியவன் அந்தப் பிரிவில் சிக்க மாட்டான். 1999 திருத்தம்தான் இதை அடைத்தது. இதற்கிடையே 1993இல், இன சமத்துவ ஆணையமும் ஆட்டக்காரர் சங்கமும் சேர்ந்து, பின்னர் ‘கிக் இட் அவுட்’ ஆன இயக்கத்தைத் தொடங்கின.

கேலரியின் கூச்சல் மெல்லக் குறைந்தபின், வசை நாகரிகமானவர்கள் என்று கருதப்பட்டவர்களின் வாயிலிருந்தும் வருவது கண்ணில் பட்டது. வெஸ்ட் பிராமின் அந்த மூவரையும் துணிந்து ஆடவைத்த மேனேஜர் ரான் அட்கின்சன், 2004இல் தொலைக்காட்சி வர்ணனையாளராக இருந்தபோது, ஒலிபரப்பு முடிந்துவிட்டதாக எண்ணிச் செல்சியின் மார்செல் தெசாயியை மோசமான இனச்சொல்லால் குறிப்பிட்டார். மத்திய கிழக்கு நாடுகள் சிலவற்றில் மைக் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் வேலையை விட்டு விலகினார்.

2011 அக்டோபரில் எட்டு நாள் இடைவெளியில் நடந்த இரண்டு சம்பவங்கள்தான் இந்த வரலாற்றின் திருப்புமுனை. 15ஆம் தேதி ஆன்ஃபீல்டில், கார்னர் அடிக்கக் காத்திருந்த நேரத்தில் லிவர்பூலின் லூயிஸ் சுவாரெஸும் மான்செஸ்டர் யுனைடெட்டின் பாட்ரிஸ் எவ்ராவும் ஸ்பானிய மொழியில் வாக்குவாதம் செய்தனர். முதலில் கெட்ட வார்த்தை பேசியது எவ்ராதான். அதை அவர் மறைக்கவில்லை. சுவாரெஸ் திருப்பிச் சொன்னது கறுப்பு என்று பொருள்படும் ஸ்பானியச் சொல். எங்கள் உருகுவேயில் இது நண்பர்கள் கூப்பிடும் சொல் என்பது அவர் வாதம். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் விசாரணைக் குழு மொழி வல்லுநர்களை அழைத்துக் கேட்டது. இணக்கமாகப் பேசும்போது அப்படி இருக்கலாம், சண்டையில் எவ்ரா சொல்கிற விதமாக வந்திருந்தால் உருகுவேயிலும் அது வசைதான் என்றார்கள் அவர்கள். 115 பக்கத் தீர்ப்பு. எட்டு ஆட்டத் தடை, 40,000 பவுண்டு அபராதம். தடை அறிவித்த மறுநாள் லிவர்பூல் அணி முழுவதும் சுவாரெஸ் படம் போட்ட டீ-ஷர்ட்டுடன் களத்துக்கு வந்தது. அந்த டீ-ஷர்ட்டுக்காக அன்றைய லிவர்பூல் ஆட்டக்காரர் ஜேமி காராகர் எவ்ராவிடம் தொலைக்காட்சியில் மன்னிப்புக் கேட்டது 2019இல்.

23ஆம் தேதி லண்டனில், செல்சி கேப்டன் ஜான் டெர்ரி எதிரணியின் ஆன்டன் ஃபெர்டினாண்டை நிறம் சொல்லித் திட்டியதாகப் புகார் எழுந்தது. அப்படிச் சொன்னாயா என்று ஃபெர்டினாண்ட் கேட்டதைத்தான் திருப்பிச் சொன்னேன் என்றார் டெர்ரி. சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணமாகவில்லை என்று 2012 ஜூலையில் நீதிமன்றம் அவரை விடுவித்தது. எது நடந்திருக்கக் கூடும் என்ற தளர்ந்த அளவுகோலை வைத்திருந்த கால்பந்துச் சங்கம், நான்கு ஆட்டத் தடையும் 2,20,000 பவுண்டு அபராதமும் விதித்தது. சுவாரெஸுக்கு எட்டு, டெர்ரிக்கு நான்கு என்ற கணக்கு பலருக்கும் விளங்கவில்லை. களத்தில் நடக்கும் இனவசைக்குக் குறைந்தபட்சம் ஐந்து ஆட்டத் தடை என்ற விதி 2013இல் வந்தது.

சொன்னவரின் எண்ணமா, கேட்டவரின் காயமா என்ற கேள்வி 2020இல் மீண்டும் எழுந்தது. வாழ்த்திய நண்பருக்கு மான்செஸ்டர் யுனைடெட்டின் உருகுவே ஆட்டக்காரர் எடின்சன் கவானி இன்ஸ்டாகிராமில் செல்லமாக எழுதிய ஒரு பதிலுக்கு மூன்று ஆட்டத் தடை, ஒரு லட்சம் பவுண்டு அபராதம். உருகுவேயின் மொழி அகாதமியே எதிர்ப்புத் தெரிவித்தது. அதில் நியாயம் உண்டு: சுவாரெஸ் வழக்கில் சூழலை நுணுகிப் பார்த்த சங்கம் இங்கே சொல்லை மட்டுமே பார்த்தது போலிருந்தது. அதற்குச் சில வாரம் முன்புதான், சங்கத்தின் தலைவர் கிரெக் கிளார்க்கே நாடாளுமன்றக் குழுவின் முன் காலாவதியான நிறச்சொல்லைப் பயன்படுத்திப் பதவி விலகியிருந்தார்.

2021இல் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதியில் பெனால்டியைத் தவறவிட்ட இங்கிலாந்தின் ராஷ்ஃபோர்டு, சாஞ்சோ, சாக்கா மூவர்மீதும் அன்றிரவே சமூக ஊடகங்களில் வசை கொட்டியது. இணையத்தில் இப்படி எழுதுவோரையும் மைதானத்திலிருந்து தடைசெய்ய 2022இல் சட்டம் விரிந்தது. 2025 ஆகஸ்டில் ஆன்ஃபீல்டில், போர்ன்மத்தின் அன்ட்வான் செமென்யோ தன்னை ஒரு பார்வையாளர் திட்டியதாக நடுவரிடம் நேரே போய்ச் சொன்னார். ஆட்டம் நின்றது, பார்வையாளர் வெளியேற்றப்பட்டார், செமென்யோ அன்று இரண்டு கோல் அடித்தார்.