புயலுக்குப் பின் முதல் நிவாரணம் சாலையே: கடலோரக் கிராமங்களை உதவி சென்றடைவது எப்படி?

புயல் கரையைக் கடந்த முதல் சில நாள்களில், தொலைதூரக் கடலோரக் கிராமங்களுக்குக் கிடைக்கும் உதவியின் அளவைத் தீர்மானிப்பது அரசுக் கிடங்கில் உள்ள அரிசியின் இருப்பு மட்டுமன்று. கிடங்கிலிருந்து கிராமம் வரை லாரி செல்வதற்குச் சாலை இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. குடிநீர், மருந்து, ஆம்புலன்ஸ், மின்கம்பம் என அனைத்தும் அதே சாலை வழியாகத்தான் வர வேண்டும். கடந்த 25 ஆண்டுகளில் வங்கக் கடலோர மாநிலங்களைத் தாக்கிய புயல்கள் இதைத் திரும்பத் திரும்ப உணர்த்தியுள்ளன.

1999: துண்டிக்கப்பட்ட கடற்கரை

1999 அக்டோபர் 29 அன்று ஒடிசாவின் பாரதீப் அருகே அதிதீவிரப் பெரும்புயல் கரையைக் கடந்தது. மணிக்குச் சுமார் 260 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசியது. கடல் அலைகள் 5 முதல் 6 மீட்டர் உயரத்துக்கு எழும்பி ஊர்களுக்குள் புகுந்தன. கரையைக் கடந்த பின்னரும் புயல் விரைவாக நகர்ந்துவிடாமல் கடலோரப் பகுதியிலேயே நிலைகொண்டு கனமழையைக் கொட்டியது.

அரசுக் கணக்கின்படி ஏறக்குறைய 10,000 பேர் உயிரிழந்தனர். அவர்களில் 8,000-க்கும் மேற்பட்டோர் ஜகத்சிங்பூர் மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். அம்மாவட்டத்தின் எரசமா வட்டாரம் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. சாய்ந்த மரங்களும் தேங்கிய வெள்ளமும் சாலைகளை அடைத்ததுடன் தொலைத்தொடர்பும் அறுந்துபோனதால், எந்தக் கிராமத்துக்கு என்ன தேவை என்பதை அறிவதே மாநில நிர்வாகத்துக்குக் கடினமானது.

இந்தப் பேரழிவைத் தொடர்ந்து 1999 டிசம்பரில், பேரிடர் மேலாண்மைக்கெனத் தனி அமைப்பை ஒடிசா அரசு உருவாக்கியது. இது பின்னர் ஒடிசா மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் எனப் பெயர் பெற்றது. 2001-இல் ஒடிசா பேரிடர் அதிவிரைவு நடவடிக்கைப் படை அமைக்கப்பட்டது. மீட்புப் படகுகளுடன் மரம் அறுக்கும் இயந்திரங்களும் இப்படையின் முக்கியக் கருவிகளாக உள்ளன. தேசிய அளவில், 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் தேசியப் பேரிடர் மீட்புப் படை 2006-இல் உருவானது.

சாலைகள் எவ்வாறு சேதமடைகின்றன?

புயலால் சாலைப் போக்குவரத்து தடைபடுவதற்கு மூன்று முக்கியக் காரணங்கள் உள்ளன.

முதலாவது, விழுந்த மரங்களும் மின்கம்பங்களும். பார்வைக்குப் பெரிதாகத் தோன்றினாலும், ஆள்களும் இயந்திரங்களும் இருந்தால் இத்தடையை மிக விரைவில் அகற்றிவிடலாம். மரங்களுடன் மின்கம்பிகளும் பின்னிக் கிடப்பதால், அந்தத் தடத்தில் மின்சாரம் துண்டிக்கப்பட்டிருப்பதை உறுதிசெய்த பிறகே அறுக்கும் பணியைத் தொடங்க முடியும். முதலில் ஒரு வாகனம் செல்லும் அகலத்துக்கு மட்டும் பாதை திறக்கப்படுகிறது. முழு அகலத்துக்கும் சீரமைப்பது பிந்தைய பணி.

இரண்டாவது, நீர் அரிப்பு. வெள்ளம் சாலையின் மேலே ஏறி மறுபக்கம் வழியும்போது அப்பக்கச் சரிவில் மண் கரைந்து, தார்ப் பரப்பு அடித்தளமின்றித் தொங்குகிறது. சிறுபாலங்களும் பெரிய பாலங்களை ஒட்டிய அணுகுசாலைகளும் இவ்வாறே அறுபடுகின்றன. பாலம் உறுதியாக நின்றாலும் அதில் ஏற வழி இருக்காது. மேலே சேதம் தெரியாவிட்டாலும், நீரில் ஊறிய மண்சாலையில் கனரக வாகனம் ஏறினால் அது உள்வாங்கிவிடும்.

மூன்றாவது, வடியாத வெள்ளம். தாழ்வான கடலோரச் சமவெளியில் சாலையே நீரைத் தடுக்கும் கரையாகிவிடுகிறது. கிராமத்தில் தேங்கிய உவர்நீரை வெளியேற்றச் சில இடங்களில் சாலையை வெட்டிவிட வேண்டியிருக்கும். அப்போது வீடுகளும் வயல்களும் தப்பும், நிவாரண வாகனம் தடைபடும். இரண்டில் எதை முதலில் காப்பது என்பதை உள்ளூர் நிர்வாகம் சில மணி நேரத்தில் முடிவு செய்தாக வேண்டும்.

ஃபானி காட்டிய மாற்றம்

2019 மே 3 அன்று பூரி அருகே ஃபானி புயல் கரையைக் கடந்தது. அதற்கு முன்பே சுமார் 12 லட்சம் பேர் பாதுகாப்பான இடங்களுக்கு மாற்றப்பட்டிருந்தனர். ஒடிசாவில் 64 பேர் உயிரிழந்தனர். 1999-உடன் ஒப்பிட இது மிகப் பெரிய மாற்றம்.

ஆயினும் உயிர் தப்பிய மக்களின் துன்பம் அத்துடன் முடியவில்லை. 1 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சேதமடைந்தன. பூரி மாவட்டத்தின் பல பகுதிகளில் மின்விநியோகம் சீராக வாரக்கணக்கில் ஆனது. மின்சாரம் இல்லாததால் மோட்டார்களும் குடிநீர்த் திட்டங்களும் இயங்கவில்லை. கடுமையாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளின் ரேஷன் பயனாளிக் குடும்பங்களுக்கு 50 கிலோ அரிசியும் 2,000 ரூபாயும் கூரைக்கான பாலித்தீன் விரிப்பும் அறிவிக்கப்பட்டன. 50 கிலோ அரிசியைத் தலைச்சுமையாக எத்தனை குடும்பங்களுக்குக் கொண்டு செல்ல முடியும்? ஹெலிகாப்டரில் உணவுப் பொட்டலங்களை வீசலாம். ஒரு மாவட்டத்துக்கான அரிசியையும் மின்கம்பங்களையும் அவ்வாறு கொண்டுசேர்க்க இயலாது.

உலக வங்கியின் நிதியுதவியுடன் 2011-இல் ஒடிசாவிலும் ஆந்திரத்திலும் தொடங்கப்பட்ட தேசியப் புயல் அபாயத் தணிப்புத் திட்டம் இதனைக் கருத்தில் கொண்டது. பன்னோக்குப் புயல் பாதுகாப்பு மையங்களுடன் அவற்றுக்கான இணைப்புச் சாலைகள், பாலங்கள், உவர்நீர்த் தடுப்புக் கரைகள் ஆகியவையும் இத்திட்டத்தில் இடம்பெற்றன. இச்சாலைகளுக்கு இரட்டைப் பயன் உண்டு: புயலுக்கு முன் மக்கள் மையத்துக்கு விரைய உதவும், பின்னர் அதே வழியில் நிவாரணம் வந்து சேரும்.

சுந்தரவனம்: கரையே சாலை

மேற்கு வங்கத்தின் சுந்தரவனப் பகுதியில் நிலைமை வேறு. இந்தியப் பகுதியில் உள்ள 102 தீவுகளில் 54 தீவுகளில் மக்கள் வசிக்கின்றனர். அவற்றைச் சுற்றிச் சுமார் 3,500 கிலோமீட்டர் நீளத்துக்குக் கரைகள் உள்ளன. பெரும்பாலும் மண்ணால் ஆன இக்கரைகள் பல இடங்களில் கிராமப் பாதையாகவும் பயன்படுகின்றன. எனவே கரை உடையும்போது கிராமத்துக்குள் கடல்நீர் புகுவதுடன் வெளியேறும் வழியும் அறுந்துபோகிறது.

2009 மே 25 அன்று அய்லா, 2020 மே 20 அன்று அம்பான், 2021 மே 26 அன்று யாஸ் எனத் தொடர்ந்து வந்த புயல்களில் இதுவே நிகழ்ந்தது. யாஸ் ஒடிசாவின் பாலசோர் அருகேதான் கரையைக் கடந்தது. ஆனால் அன்று முழுநிலவு நாள் என்பதால் கடல் மட்டம் உயர்ந்து, சுந்தரவனத்தின் சாகர், மௌசுனி, கோராமாரா தீவுகளிலும் வெள்ளம் புகுந்தது.

இங்கு நிவாரணப் பொருள்கள் லாரியிலிருந்து படகுக்கும், படகிலிருந்து சிறு வண்டிக்கும் மாற வேண்டும். சாகர் தீவுக்குச் செல்லும் முரிகங்கா ஆற்றில் வண்டல் படிந்துள்ளதால், நீர் வற்றும் வேளையில் படகுப் போக்குவரத்து நின்றுவிடுகிறது. ஆகவே படகுத்துறையின் சேதத்துடன் ஓதத்தின் நேரத்தையும் கணக்கிட்டே உதவியை அனுப்ப முடிகிறது. அம்பானின்போது கொல்கத்தா நகரிலேயே ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்து, அவற்றை அகற்ற ராணுவம் அழைக்கப்பட்டது. ஒடிசாவும் தனது குழுக்களை அனுப்பியது. பெருநகருக்கே இந்நிலை என்றால், தீவுகளின் காத்திருப்பு எவ்வளவு நீளும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சாலை திறக்கும் வரை

சாலை எப்போது திறக்கும் என்று உறுதியாகக் கூற முடியாததால், அதைச் சாராத ஏற்பாடுகளை முன்கூட்டியே செய்வது இன்றைய நடைமுறையாகியுள்ளது. இந்திய வானிலை ஆய்வு மையம் மோசமான வானிலை தொடங்குவதற்கு 48 மணி நேரம் முன் புயல் எச்சரிக்கையையும், 24 மணி நேரம் முன் அடுத்த நிலை எச்சரிக்கையையும் வெளியிடுகிறது. இந்த இடைவெளியில் அரிசி, அவல், குடிநீர், டீசல், ஜெனரேட்டர் ஆகியவை வட்டார அளவில் இருப்பு வைக்கப்படுகின்றன. மரம் அகற்றும் குழுக்கள் சாலையோரங்களில் நிறுத்தப்படுகின்றன. 2024 அக்டோபரில் தானா புயல் தாமராவை ஒட்டிக் கரையைக் கடப்பதற்கு முன், ஒடிசாவில் ஆயிரக்கணக்கான கர்ப்பிணிகள் மருத்துவமனைகளுக்கு மாற்றப்பட்டனர். பிரசவ வேளையில் ஆம்புலன்ஸ் வருமா என்ற கேள்வியே அவர்களுக்கு எழாதவாறு செய்யப்பட்ட ஏற்பாடு இது.

எஞ்சியிருப்பது நிரந்தரச் சீரமைப்பு. மாநிலப் பேரிடர் நிவாரண நிதி முதன்மையாக உடனடி உதவிக்கும் தற்காலிகச் சீரமைப்புக்கும் உரியது. 15-ஆவது நிதிக் குழு 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு, மாநிலப் பேரிடர் மேலாண்மை நிதியில் 20 சதவீதத்தைப் பாதிப்புத் தணிப்புக்கெனத் தனியே ஒதுக்கப் பரிந்துரைத்தது. மீட்சிக்கும் மறுகட்டமைப்புக்கும் தனிப் பங்கு வகுத்தது. உடைந்த கரையை அதே உயரத்தில் அதே மண்ணால் மூடினால், அடுத்த புயலில் அதே இடத்தில் அது மீண்டும் உடையும் வாய்ப்பு அதிகம். சிறுபாலத்தின் நீர்வழியை அகலப்படுத்துவதும், சாலைச் சரிவுகளுக்குக் கல் பதிப்பதும், படகுத்துறைகளை உயர்த்திக் கட்டுவதும் அமைதியான மாதங்களில் முடிக்கப்பட வேண்டிய பணிகள். ஏப்ரல் முதல் ஜூன் வரையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையும் வங்கக் கடலில் புயல்கள் அதிகம் உருவாகின்றன. இடையில் தென்மேற்குப் பருவமழை பெய்வதால், மண் வேலைக்கு ஏற்ற உலர்ந்த காலமாக ஜனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்களே கிடைக்கின்றன.