டிஆர்15: புல்வெளிக் கருதுகோளும் ஓர் இத்தாலியக் குகை எலும்பும்

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளிடம் 1972இல் கோபன்ஹேகனில் காணப்பட்ட, எச்எல்-ஏ3 என்ற திசு அடையாளத்தின் தொடர்பு, அடுத்த ஆண்டே இரண்டாம் இடத்துக்குப் போனது. அருகிலிருந்த வேறொரு மரபணுவோடு சேர்ந்தே அது வந்திருந்தது. அந்தத் தேடல் எச்எல்ஏ மரபணுத் தொகுதிக்குள் டிஆர்2, டிஆர்15 என்று குறுகி, டிஆர்பி1*15:01 என்ற மாற்றுருவில் நின்றது. ஐரோப்பியரிடம் இதன் ஒரு பிரதி நோய் வாய்ப்பை ஏறக்குறைய மும்மடங்காக்குகிறது.

இவ்வளவு கெடுதி செய்வது ஏன் பரவியது? 2024இல் ‘நேச்சர்’ இதழில் வில்லியம் பாரியும் குழுவினரும் தந்த விடை இன்று பெருவழக்காகிவிட்டது. சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முன் கருங்கடலுக்கு வடக்கேயுள்ள புல்வெளியில் யம்னயா மேய்ப்பர்கள் கால்நடைகளோடு நெருங்கி வாழ்ந்தனர். தொற்றுகளிடமிருந்து காத்த மாற்றுருக்கள் அவர்களிடம் தேர்வாகிப் பெருகின. அவர்களின் குடிப்பெயர்ச்சி அவற்றை வட ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றது. நோய் வடக்கே மிகுந்தும் தெற்கே குறைந்தும் இருப்பதற்கும் பாரி குழுவினர் இதையே காரணமாக்குகின்றனர்.

பெருக்கம் பற்றி எனக்கு மறுப்பில்லை. பழைய டிஎன்ஏ தரவு அதைத் தெளிவாகக் காட்டுகிறது. ஆனால் எந்தக் கிருமி இந்தத் தேர்வை நடத்தியது என்பது நேரடியாக நிறுவப்படவில்லை. மேய்ச்சல் வாழ்வுதான் காரணம் என்பது காலப் பொருத்தத்திலிருந்து பெற்ற அனுமானம்.

பாரி குழுவின் கட்டுரையிலேயே, சற்று வேகமாகக் கடந்துபோகும் ஒரு சான்று உண்டு. 15:01க்கு அடையாளமாகக் கொள்ளப்படும் ஆர்எஸ்3135388 புள்ளியின் ‘டி’ வடிவம் முதன்முதலில் தென்படுவது புல்வெளியில் அன்று. இத்தாலியின் கிரோட்டா கொன்டினென்ஸா குகையில் கிடைத்த ஆர்3 என்ற புதிய கற்கால மனிதரிடம். கரிமக் காலக்கணிப்பு கி.மு. 5836–5723, யம்னயாவுக்கு ஏறத்தாழ 2,500 ஆண்டு முந்தியது.

இந்த ஒற்றை எலும்பின் மேல் அதிக பாரம் ஏற்றுகிறேன் என்று சொல்லலாம். ‘டி’ வடிவம் ஓர் அடையாளமே, மாற்றுரு அன்று. அடையாளப் பிணைப்புகள் மக்கள்தோறும் வேறுபடும்: ஐரோப்பியரிடம் பிரிக்கவே முடியாதிருந்த டிஆர், டிக்யூ மரபணுக்களை 2004இல் ஆப்பிரிக்க அமெரிக்கர் தரவுதான் பிரித்துக் காட்டியது. ஆகவே ஆர்3இடம் 15:01 இருந்ததென்று அறுதியிட இயலாது. இருந்தாலும் ஜப்பானியரிடமும் 15:01 காணப்படுவதைச் சேர்த்துப் பார்த்தால், மாற்றுருவின் வயது யம்னயாவைக் கடந்து வெகுதூரம் பின்செல்கிறது. ஆக, புல்வெளி அதன் வரலாற்றில் ஓர் இடைக்கட்டம்.

புல்வெளி விளக்கத்துக்கு இதைவிட வலுவான தடை சர்தீனியா. புல்வெளி மூதாதைக் கலப்பு ஐரோப்பாவிலேயே மிகக் குறைவாக உள்ள மக்களில் இத்தீவினர் சேர்வர். நோய்ப் பரவலோ மிக அதிகம். அங்கே ஆபத்தைச் சுமப்பவை டிஆர்பி1*03:01, 04:05 முதலான வேறு மாற்றுருக்கள். எச்எல்ஏக்கு வெளியேயும் ஒன்று உண்டு: பி அணுக்களைத் தூண்டும் பாஃப் புரதத்தைக் கூட்டும் மரபணு மாற்றம். 2017இல் அதை விவரித்த குழு, தேர்வின் தடயத்தைக் கண்டு, மலேரியாவைச் சாத்தியமான காரணமாக முன்வைத்தது. தொற்றுதான் தேர்ந்தெடுத்தது என்ற பாரியின் மையக் கருத்துக்கு இது துணைநிற்கிறது. மேய்ப்பர்களை மட்டும் காரணமாக்குவதற்குத் துணைநிற்கவில்லை. கொசு பெருகிய தாழ்நிலத்திலும் இதே விளைவு, வேறு மரபணு வழியாக, நேர்ந்திருக்கலாம். மலேரியா அத்தீவில் 1950 வாக்கில்தான் ஒழிந்தது. அத்தேர்வு எப்போது தொடங்கியது என்பதற்கு நம்பகமான கீழெல்லை இன்னும் வகுக்கப்படவில்லை.