சக்கரம் வைத்த வீடு

கேரவன் என்றதும் ஷூட்டிங் ஸ்பாட்டில் ஹீரோ ஏசி போட்டுத் தூங்கும் வண்டி ஞாபகத்துக்கு வந்தால் தப்பில்லை. நமக்குத் தெரிந்த கேரவன் அதுதான். பிரிட்டனில் கேரவன் என்றால் நடுத்தர வர்க்கத்தின் லீவு வீடு. காருக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போகலாம். அல்லது, கடலோரத்திலோ மலையடிவாரத்திலோ ஒரு வயல்வெளியில் வரிசையாக நிறுத்தி வைத்திருப்பதில் ஒன்றை வாரக் கணக்கில் வாடகைக்கு எடுக்கலாம். அந்த வயல்வெளிக்குப் பெயர் கேரவன் பார்க்.

ஏதாவது ஒரு கிராமத்தில் 'இங்கே கேரவன் பார்க் அமைக்க விண்ணப்பம் வந்திருக்கிறது' என்று ஒரு நோட்டீஸ் ஒட்டினால் போதும். ஊர்ப் பொது மண்டபத்தில் கூட்டம் கூடிவிடும். ரோடு குறுகல், இத்தனை கார் வந்தால் தாங்காது. கழிவுநீர் எங்கே போகும்? ராத்திரி பாட்டும் கூத்துமாக இருக்குமே? எல்லாவற்றுக்கும் மேலாக, மலையைப் பார்க்க வேண்டிய ஜன்னலிலிருந்து தகரப் பெட்டிகளைப் பார்க்கச் சொல்கிறீர்களா?

எல்லாமே நியாயமான கேள்விகள்தான். சந்தேகமில்லை. ஆனால் இந்தச் சண்டைக்கு நூறு வருடச் சரித்திரம் இருக்கிறது. அதில் யார் ஜெயித்தார்கள் என்பதைவிட, சண்டையிலேயே இல்லாத யார் தோற்றார்கள் என்பதுதான் முக்கியம்.

1885-லிருந்து ஆரம்பிக்கலாம். கார்டன் ஸ்டேபிள்ஸ் என்று ஒரு டாக்டர். கடற்படையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பையன்களுக்கான சாகசக் கதைகள் எழுதுவார். ஜிப்ஸிகள் குதிரை வண்டியையே வீடாக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவதைப் பார்த்தார். ஆசை வந்துவிட்டது. பிரிஸ்டலில் ஒரு வண்டிக் கம்பெனியில் சொல்லி, உல்லாசமாக ஒன்று செய்யவைத்தார். பெயர் வாண்டரர். எடை இரண்டு டன். இழுக்க இரண்டு குதிரைகள். ஓட்ட ஒரு ஆள். முன்னால் மூன்று சக்கர சைக்கிளில் போய் ரோடு பார்த்துச் சொல்ல இன்னொரு ஆள். இங்கிலாந்தின் தெற்கிலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வர்னெஸ் வரை போய், அடுத்த வருடமே அதைப் புத்தகமாகவும் எழுதிவிட்டார்.

பணக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். 1907-ல் கேரவன் கிளப் உருவானது. வசதியுள்ள கனவான் ஒருவர் வண்டியோடு வந்து வயலோரம் தங்கினால் எந்தக் கிராமத்துக்குக் கசக்கும்? அதுவரை பிரச்னை இல்லை.

முதல் உலகப் போர் முடிந்ததும் நிலவரம் மாறியது. 1919-ல் பர்மிங்ஹாமின் எக்கிள்ஸ் கம்பெனி, காரில் கட்டி இழுக்கும் கேரவன்களைத் தயாரிக்க ஆரம்பித்தது. கார் வாங்க முடியாதவர்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். ஓய்வுபெற்ற டிராம் வண்டி, பழைய ரயில் பெட்டி, பஸ்ஸின் கூடு எது கிடைத்தாலும் கொண்டுபோய்க் கடற்கரையில் வைத்து, ஜன்னலுக்குத் திரை போட்டு, 'இதுதான் எங்கள் பீச் ஹவுஸ்' என்று உட்கார்ந்துவிட்டார்கள். ஃபாக்டரிப் புகையில் வருடம் பூராவும் இருமுகிறவனுக்கு அது சொர்க்கம். பார்க்கிற உள்ளூர்க்காரனுக்குக் குப்பைமேடு.

எதிர்ப்பு அமைப்பாகத் திரண்டது. கிராமப்புற இங்கிலாந்தைப் பாதுகாப்பதற்கென்று 1926-ல் ஒரு கவுன்சில் தொடங்கப்பட்டது. லிங்கன்ஷயர் கடற்கரையின் மணல்மேடுகளைக் காப்பாற்ற, அங்கிருந்த லிண்ட்ஸி கவுண்ட்டி நிர்வாகம் 1932-ல் தனியாக ஒரு சட்டமே வாங்கியது. அந்த மணல்மேடுகள் வெறும் அழகுக்கு இல்லை. கடல் ஊருக்குள் வராமல் தடுக்கிற அரண்.

1938-ல் சம்பளத்தோடு விடுமுறை தருவதற்கான சட்டம் வந்தது. யுத்தம் முடிந்ததும் லட்சக்கணக்கான தொழிலாளர் குடும்பங்கள் முதல்முறையாகக் கையில் காசும் லீவுமாகக் கிளம்பின. ஹோட்டலுக்குக் கட்டுப்படியாகாது. கேரவனுக்குக் கட்டுப்படியாகும்.

இப்போது விவசாயியின் கணக்கு நோட்டைப் பாருங்கள். ஒரு மூலை நிலத்தில் உருளைக்கிழங்கு போட்டால் விதை, உரம், கூலி, மழை, விலை என்று ஐந்து கவலை. அதே மூலையில் இருபது கேரவன் நிறுத்தினால் ஒரு தண்ணீர்க் குழாயும் கழிப்பறையும்தான் முதலீடு. வாடகை அவனுக்கு. நெரிசலும் நாற்றமும் பக்கத்து வீட்டுக்காரனுக்கு. லாபம் ஒருவர் பேரேட்டில், செலவு ஊர்க் கணக்கில். பிறகு ஏன் சண்டை வராது?

1947-ன் திட்டமிடல் சட்டம் நிலப் பயன்பாட்டுக்கு அனுமதி வேண்டும் என்றது. ஆனால் கேரவன் விஷயத்தில் அது பல் இல்லாத பாம்பு. போதாக்குறைக்கு வீட்டுப் பஞ்சம் வேறு. 1959-ல் சர் ஆர்ட்டன் வில்சன் அரசுக்குக் கொடுத்த அறிக்கைப்படி, சுமார் 1,50,000 பேர் கேரவனையே நிரந்தர வீடாக வைத்திருந்தார்கள். அடுத்த வருடமே புதிய சட்டம். இனி கேரவன் நிறுத்தும் இடத்துக்குத் திட்ட அனுமதியும் வேண்டும், உள்ளாட்சியின் லைசென்ஸும் வேண்டும். மீறினால் அபராதம்.

கிராமங்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டன. அங்கேதான் ஒரு ஆள் நசுங்கினான்.

டாக்டர் ஸ்டேபிள்ஸ் யாரைப் பார்த்து ஆசைப்பட்டாரோ, அவன். ஜிப்ஸி.

ஜிப்ஸி என்ற பெயரே ஒரு தப்பான விலாசம். இவர்கள் எகிப்திலிருந்து வந்தவர்கள் என்று நினைத்து எகிப்தியன் என்றார்கள், அது தேய்ந்து ஜிப்ஸி ஆனது. உண்மையில் இந்த ரோமானி மக்களின் மூதாதையர் ஆயிரம் வருடங்களுக்கு முன்பு வட இந்தியாவிலிருந்து போனவர்கள். அவர்கள் மொழியில் தண்ணீருக்கு இன்றைக்கும் 'பானி'தான். எட்டாம் ஹென்றி 1530-லேயே இவர்களை வெளியேற்றச் சட்டம் போட்டார். அதையும் தாண்டிப் பிழைத்துக் கிடந்தவர்கள், அறுவடைக் காலத்தில் பண்ணை வேலை செய்து, அந்தப் பண்ணையின் ஓரத்திலேயே வண்டியை நிறுத்திக்கொள்வார்கள். விவசாயிக்கும் ஆள் கிடைக்கும், அவர்களுக்கும் இடம் கிடைக்கும். தலைமுறை தலைமுறையாக இதுதான் ஏற்பாடு.

1959-ன் நெடுஞ்சாலைச் சட்டம், ரோட்டோரம் ஜிப்ஸி முகாம் போட்டால் குற்றம் என்றது. ஆம், பெயர் சொல்லியே. 1960-ன் சட்டத்துக்குப் பிறகு, லைசென்ஸ் இல்லாமல் இடம் கொடுத்தால் தனக்கு வம்பு என்று பண்ணைக்காரர்கள் கதவைச் சாத்தினார்கள். அறுவடை சீசனில் மட்டும் விலக்கு. மற்ற மாதங்களில்? பொது மேய்ச்சல் நிலத்தில் கேரவனைத் தடை செய்யும் அதிகாரத்தையும் அதே சட்டம் உள்ளாட்சிகளுக்குக் கொடுத்தது. ரோடும் போச்சு, வயலும் போச்சு, பொது நிலமும் போச்சு.

அதே சட்டம் அங்கீகரிக்கப்பட்ட கேரவன் கிளப்புகளுக்குச் சலுகை கொடுத்தது. கிளப் சான்றிதழ் கொடுத்த இடத்தில், உறுப்பினர்களின் ஐந்து கேரவன் வரை நிறுத்த லைசென்ஸ் வேண்டாம். சக்கரம் ஒன்றுதான். உள்ளே உட்கார்ந்திருப்பவர் யார் என்பதில்தான் வித்தியாசம்.

ஜிப்ஸிகளுக்கு இடம் அமைத்துத் தரும் அதிகாரமும் அந்தச் சட்டத்தில் இருந்தது. அதிகாரம்தான், கடமை இல்லை. அதனால் பெரும்பாலான உள்ளாட்சிகள் அசையவில்லை. 1965-ல் அரசு எடுத்த கணக்கில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து இவர்கள் சுமார் 15,500 பேர். ஒரு சின்ன டவுனில் அடங்கிவிடும் கூட்டம்.

எரிக் லபக் என்ற லிபரல் எம்.பி. தனிநபர் மசோதா கொண்டுவந்து, 1968-ல் அதைக் கடமையாக்கினார். ஆனால் ஒவ்வொரு இடத்தையும் அறிவிக்கும்போது அதே பொது மண்டபம், அதே கூட்டம், அதே ரோடு குறுகல். வேலை இழுத்தது. 1994-ல் அரசு அந்தக் கடமையையே ரத்து செய்தது. 2022-ல் வந்த இன்னொரு சட்டம், அனுமதியில்லாமல் தங்குகிறவர் போகச் சொல்லியும் போகாவிட்டால், சில நிபந்தனைகளின் பேரில் அதைக் குற்றமாக்கி, போலீஸ் வண்டியையே பறிமுதல் செய்யலாம் என்றது. அவர்களுக்கு வண்டி என்றால் வீடு.

கேரவன் பார்க்குகள்? அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. வக்கீலும் வரைபடமும் வைத்துக்கொண்டு முறைப்படி விண்ணப்பித்து, அனுமதி வாங்கி வளர்ந்தன. 1932-ல் சட்டம் போட்டுத் தடுக்கப் பார்த்த அதே லிங்கன்ஷயர் கடற்கரையில் இன்று கேரவன்கள் ஆயிரக்கணக்கில் வரிசைகட்டி நிற்கின்றன.

ஊரைக் காப்பாற்ற நினைப்பது தப்பில்லை. மணல்மேடும் மலையும் போனால் திரும்பி வராது. ஆனால் பொது மண்டபத்தில் கை தூக்கும்போது, நாம் தடுக்க நினைக்கிற ஆளை அந்தச் சட்டம் உண்மையிலேயே தடுக்குமா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளலாம். பணம் இருப்பவன் அனுமதி வாங்கிக்கொள்வான். கூட்டத்துக்கு அழைக்கப்படாதவன்தான் வண்டியைக் கிளப்ப வேண்டியிருக்கும்.