நடிகனின் முதற்பாடம்

மேடையில் அழ வேண்டிய நடிகன் இன்று உள்ளம் உருகி அழுகிறான். மறுநாள் அதே காட்சியில் கண் வறண்டு நிற்கிறான். மறுநாள் வந்திருப்போரும் சீட்டு வாங்கி வந்தவர்களே. அவர்களுக்கு அவன் என்ன விடை கூறுவான்? நடிப்பைக் கற்பிக்க முயன்றவர்கள் யாவரும் எதிர்நோக்கிய கேள்வி இது.

ருஷ்ய நாடக ஆசான் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி (1863–1938) தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இக்கேள்விக்கே செலவிட்டார். 1898-ஆம் ஆண்டில் அவரும் நெமிரோவிச்-டான்சென்கோவும் மாஸ்கோ கலை அரங்கைத் திறந்தனர். விரைவில் அது பெரும்புகழ் எய்தியது. ஆயினும் 1906-இல், ஃபின்லாந்தில் ஓய்வு கொண்டிருந்தபோது, அவரை ஒரு கலக்கம் பற்றியது. இப்சனின் நாடகமொன்றில் டாக்டர் ஸ்டாக்மன் என்னும் பாத்திரத்தைப் பன்முறை ஏற்றவர் அவர். சைகையும் குரலும் சிறிதும் மாறவில்லை. அவற்றை முதலில் ஈன்ற உணர்ச்சிதான் மறைந்து போயிருந்தது. பழக்கம் கூட்டைக் காத்தது, உயிரைக் காக்கவில்லை.

உணர்ச்சியை மீண்டும் எழுப்பும் வழியை அவர் தேடலானார். தசைகளைத் தளர்த்துதல், கவனத்தை ஒருமுகப்படுத்துதல், பாத்திரத்தின் சூழ்நிலையில் தான் இருந்தால் என்ன செய்வேன் என்று வினவுதல், தன் பழைய அனுபவத்தின் உணர்ச்சியை நினைவிலிருந்து வரவழைத்தல் ஆகியவை அவர் வகுத்த பயிற்சிகள். இவற்றைச் சோதித்துப் பார்க்க 1912-இல் இளைஞர்களுக்கென ஒரு பயிற்சிக் கூடமும் அமைத்தார்.

இப்போதனை கடல் கடந்தபோது அதன் ஒரு பகுதியே முன்னே சென்றது. 1923, 1924-ஆம் ஆண்டுகளில் மாஸ்கோ அரங்கம் அமெரிக்காவில் நாடகங்கள் நடத்தியது. அதன் பின் நியூயார்க்கில் லீ ஸ்ட்ராஸ்பர்க் உணர்ச்சி நினைவையே பயிற்சியின் உயிர்நாடியாகக் கொண்டார். ஸ்டெல்லா ஆட்லர் என்னும் நடிகை அதில் மனநிறைவு கொள்ளவில்லை. 1934-இல் பாரிஸ் நகரில் ஆசானையே சந்தித்துச் சில வாரங்கள் பயின்றார். சூழ்நிலையும் செயலுமே முதன்மையானவை என்ற செய்தியுடன் திரும்பினார். ஸ்ட்ராஸ்பர்க் அதனை ஏற்கவில்லை.

நூலின் விதியும் அவ்வாறே ஆயிற்று. ஒன்றாக வெளிவர வேண்டுமென ஆசிரியர் விரும்பிய நூல் ஆங்கிலத்தில் இரண்டாகப் பிரிந்தது. பெரிதும் அகப்பயிற்சி பற்றிய முதற்பகுதி 1936-இல் வெளிவந்தது. உடல், குரல், பேச்சு, லயம் ஆகியவற்றைக் கூறும் இரண்டாம் பகுதி 1949-இல்தான் வந்தது. இடைப்பட்ட 13 ஆண்டுகளில் பாதியை முழுமையெனக் கொண்டவர் பலர். மொழிபெயர்ப்பில் ஒரு சொல் பிழைபட்டால் திருத்திவிடலாம்; ஒரு பகுதி பிந்திவிட்டாலோ, அதற்குள் ஒரு மரபே வேரூன்றிவிடுகிறது.

ஆசானோ இறுதி ஆண்டுகளில் மேலும் ஒரு படி சென்றிருந்தார். உணர்ச்சிக்குக் கட்டளையிட இயலாது. செயலுக்கு இடலாம் என்பதே அவர் கண்ட முடிவு. சான்றாக, மகனை இழந்த தாயாக நடிப்பவள் துயரத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. அவனுடைய சட்டையை மடித்துப் பெட்டியில் வைக்கட்டும். அது யாருடையது, ஏன் இப்போது மடிக்கிறாள் என்பதை மனத்தில் தெளிவாகக் கொள்ளட்டும். செயல் மெய்யாயின் துயரம் தானே வந்து சேரும். நோயுற்றிருந்த நிலையிலும் மோலியேரின் ‘தார்த்தூஃப்’ நாடகத்தைக் கொண்டு இம்முறையை நடிகர்களுக்குப் பயிற்றினார். அந்நாடகம் மேடையேறியது அவர் மறைந்தபின், 1939-இல்.

நம் நாட்டவர்க்கு இம்முடிவு முற்றிலும் புதிதன்று. பரதரின் நாட்டிய சாஸ்திரம் ஆங்கிகம், வாசிகம், ஆஹாரியம், சாத்துவிகம் என அபிநயத்தை நான்காக வகுக்கிறது. கண்ணீரும் மெய்சிலிர்ப்பும் சாத்துவிகத்தைச் சார்ந்தவை. மனம் ஒருமுகப்படுவதிலிருந்தே அது பிறக்கிறது என்பது அந்நூலின் கருத்து. கதகளி மாணவன் ஆண்டுக்கணக்கில் உடலையும் கண்ணையும் பழக்கிய பின்னரே பெரும் பாத்திரங்களை அணுகுகிறான். மரபுகள் வேறு, மேடைகள் வேறு. ஆயினும் நடிகன் நாள்தோறும் உழைத்துப் பண்படுத்தக் கூடியவை உடலும் கவனமுமே என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. உணர்ச்சி அவ்வுழைப்பைத் தொடர்ந்து வருவது.