நச்சாடையும் பிரிண்டரும்

இந்த வாரம் எங்க ஊர்க் கதையில இருந்து தொடங்குறேன். ராஜபாளையத்துக்குத் தெற்கே, சேத்தூர்ப் பக்கம், மலையடிவாரத்துல இருக்கு தேவதானம். அங்க இருக்கிற சிவனுக்கு நச்சாடை தவிர்த்த லிங்கேஸ்வரர்னு பேர். பாண்டியனைக் கொல்ல நினைச்ச சோழ ராஜா, விஷம் தடவின ஆடையைப் பரிசுன்னு சொல்லி அனுப்பினானாம். சாமி அதைத் தடுத்துக் காப்பாத்தினார்னு தலபுராணம் சொல்லுது.

கேட்காம வந்த பரிசு. அதே ஊர்ல இருக்கிற என் அத்தைக்குப் போன வருஷம் அப்படித்தான் ஒண்ணு வந்துச்சு, போன்ல. ‘பணம் உங்க கணக்குல ஏறணும்னா பின் நம்பரைப் போடுங்கம்மா’ன்னு சொல்லியிருக்கான். அத்தை போட்டுட்டாங்க. 8,000 ரூபாய் போச்சு. யுபிஐல பணம் வாங்குறதுக்குப் பின் தேவையே இல்லை, கொடுக்கிறதுக்கு மட்டும்தான் வேணும். இது அவங்களுக்குத் தெரியாது. சரி, அது கூடப் பரவாயில்லை. நாலு நாள் யார்கிட்டயும் சொல்லாம இருந்தாங்க பாருங்க, அதுதான் எனக்கு ஆறல. ‘வெக்கமா இருந்துச்சுடா’ன்னாங்க.

இங்கதான் கும்பகோணத்துக்குப் போகணும். 1904ல கும்பகோணம் பேங்க்ங்கிற பேர்ல தொடங்கின வங்கிதான் இன்னிக்கு சிட்டி யூனியன் பேங்க். 2018 பிப்ரவரி 6 சாயங்காலம், அந்த வங்கியோட கணினிக்குள்ள நுழைஞ்ச ஆட்கள், ஸ்விஃப்ட் வழியா மூணு பணப் பரிமாற்ற உத்தரவுகளை அனுப்பிட்டாங்க. நாடு விட்டு நாடு பணம் அனுப்ப வங்கிகள் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிற தகவல் அமைப்புதான் ஸ்விஃப்ட். ஒரு உத்தரவு துபாய்க்கு, ஒண்ணு துருக்கிக்கு, ஒண்ணு சீனாவுக்கு. மொத்தம் கிட்டத்தட்ட 20 லட்சம் டாலர்.

அன்னைக்கு ஸ்விஃப்டோட இணைச்சிருந்த பிரிண்டர் வேலை செய்யல. எந்த உத்தரவு போனாலும் அதுக்கான ஒப்புகை அந்தப் பிரிண்டர்ல காகிதமா வரணும். வந்தவங்க அதைத்தான் முதல்ல முடக்கியிருக்காங்க. பிரிண்டர் மக்கர் பண்ணுறதை ஆபீஸ்ல யாரு பெருசா எடுத்துக்குவா?

இதுல கொடுமை என்னன்னா, சரியா ரெண்டு வருஷம் முன்னாடி, 2016 பிப்ரவரியில, வங்கதேச மத்திய வங்கியிலயும் இதே மாதிரி பிரிண்டர் ஓடல. நியூயார்க்ல இருந்த அவங்க கணக்குல 95 கோடி டாலருக்கு மேல சுருட்டப் பார்த்தாங்க. 8 கோடியே 10 லட்சம் டாலர் பிலிப்பைன்ஸுக்குப் போயிடுச்சு. இலங்கைக்குப் போன 2 கோடி டாலர் திரும்ப வந்துச்சு. காரணம், ‘ஃபவுண்டேஷன்’ங்கிற வார்த்தையைத் திருடங்க தப்பா எழுதியிருந்தாங்க. ஸ்பெல்லிங் முக்கியம்னு வாத்தியார் சொன்னப்போ நாம கேட்டிருக்கலாம்.

கும்பகோணத்துக்காரங்க எப்படிப் பிடிச்சாங்க? மறுநாள் காலையில, பிப்ரவரி 7, வழக்கம்போலக் கணக்கை ஒத்துப் பார்த்தாங்க. நாம அனுப்பினது எவ்வளவு, வெளிநாட்டு வங்கியில இருக்கிற நம்ம கணக்குல இருந்து போனது எவ்வளவு? மூணு வரி கூடுதலா இருந்துச்சு. உடனே அந்தந்த வங்கிகளுக்குத் தகவல் சொன்னாங்க. துபாய்க்குப் போன 5 லட்சம் டாலர் வழியிலயே நின்னு திரும்பி வந்துடுச்சு. மத்த ரெண்டும் அவ்வளவு சுலபமா முடியல. அதே மாசம்தான் பஞ்சாப் நேஷனல் பேங்க் மோசடி வெளிவந்து நாடே கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு. அந்த நேரத்துலயும் இவங்க நடந்ததைப் பங்குச் சந்தைக்கு வெளிப்படையா அறிவிச்சாங்க. என்னைக் கேட்டா, அந்தப் பாதுகாப்பு மென்பொருளை எல்லாம் விடப் பெரிய விஷயம் காலையில கணக்குப் பார்த்ததும் மறைக்காம சொன்னதும்தான்.

நமக்கான விதியும் நேரத்தை வச்சுத்தான் இருக்கு. ரிசர்வ் வங்கியோட 2017 ஜூலை 6 சுற்றறிக்கை என்ன சொல்லுச்சுன்னா, தப்பு உங்க மேலயும் இல்ல, வங்கி மேலயும் இல்லங்கிற மோசடியில, வங்கித் தகவல் வந்து மூணு வேலை நாளுக்குள்ள நீங்க புகார் சொன்னா உங்களுக்கு நஷ்டமே கிடையாது. ஏழு நாள் வரைக்கும் போனா நஷ்டத்துல ஒரு வரம்புக்குள்ள உங்க பங்கும் உண்டு. ஓடிபியோ பின்னோ நீங்களே கொடுத்திருந்தா, புகார் சொல்ற வரைக்கும் போனது உங்க தலையில. சொன்ன பிறகு போறது வங்கிப் பொறுப்பு.

1930க்குப் போன் பண்ணினா, பணம் போய் விழுந்த கணக்கு இருக்கிற வங்கிக்குத் தகவல் போகும். அங்க இன்னும் இருந்தா நிறுத்தி வைப்பாங்க. அடுத்த கணக்குக்குத் தாவியிருந்தா அந்த வங்கியைத் தேடிப் போகும். தாவ அவங்களுக்குச் சில நிமிஷம் போதும். தனி ஆட்களுக்கு நடுவுல யுபிஐ ‘பணம் கேட்பு’ அனுப்புற வசதியை 2025 அக்டோபர் 1ல இருந்து நிறுத்திட்டாங்க, நல்லதுதான். ஆனா ஒருத்தர் பேசிப் பேசி நம்மளையே அனுப்ப வைக்கிறதை எதை வச்சு நிறுத்த?

அத்தைக்காக அஞ்சாவது நாள் நான்தான் 1930க்குப் பேசினேன். பணம் அதுக்குள்ள மூணு கணக்கு தாண்டியிருந்துச்சு. புகார் எண்ணை ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் கொடுத்தேன். பாஸ்புக்குக்குள்ள மடிச்சு வச்சிருக்காங்க. இப்போ தினமும் காலையில காபி போடுறதுக்கு முன்னாடி எனக்குப் போன் பண்ணி, ராத்திரி வந்த பேங்க் மெசேஜை எல்லாம் வரி வரியா வாசிச்சுக் காட்டுறாங்க.