கானோ ஹோகையின் ‘கருணைத்தாய்க் கன்னோன்’

ஜப்பானிய ஓவிய வரலாற்றில் 1888ஆம் ஆண்டு குறிக்கத்தக்கதோர் ஆண்டாகும். அவ்வாண்டு நவம்பர்த் திங்களில், கானோ ஹோகை என்னும் ஓவியர், தாம் எழுதிவந்த ‘ஹிபோ கன்னோன்’ (கருணைத்தாய்க் கன்னோன்) என்னும் ஓவியத்தை முற்றுவிக்காமலே மறைந்தார். எஞ்சிய பகுதியை அவருடைய ஒருசாலை மாணாக்கராகிய ஹஷிமோட்டோ காஹோ நிறைவு செய்தார். ஏறத்தாழ 196 செ.மீ. உயரமும் 86 செ.மீ. அகலமும் உடைய அப்பட்டோவியம் இன்று டோக்கியோ கலைப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் உள்ளது. புதுக்கால ஜப்பானிய ஓவியத்தின் தோற்றுவாய் இதுவே என்பர் பலர். அங்ஙனமாயின், இதன்கண் ஜப்பானுக்கே உரியது எனப்படுவது யாது? இவ்வினாவை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஹோகை 1828இல் சோஃபு சிற்றரசின் அவைக்கள ஓவியர் குடியில் தோன்றியவர். எடோ நகரில் கானோ மரபினரிடம் முறையாகப் பயின்றவர். 1868இல் நிகழ்ந்த மெய்ஜி ஆட்சிமாற்றம் அவர் வாழ்வைத் தாங்கிய இரு தூண்களையும் சாய்த்தது. சிற்றரசு அளித்த ஊதியம் நின்றது. பட்டுப்பூச்சி வளர்த்தும் சிறுபண்டம் விற்றும் வயிறு வளர்க்க நேர்ந்தது. அவ்வாண்டே ஷிந்தோ தெய்வங்களையும் புத்தரையும் வேறு பிரிக்குமாறு அரசாணை பிறந்தது. அதனைத் தொடர்ந்து எழுந்த பௌத்த எதிர்ப்பில் விகாரங்கள் பல இடிபட்டன. திருவுருவங்கள் விலைப்பொருள் ஆயின. 1876இல் அரசு நிறுவிய கலைப்பள்ளியிலோ இத்தாலிய ஆசிரியர்கள் மேனாட்டு முறையையே கற்பித்தனர். புரவலரை இழந்த ஓவியம், வழிபாட்டிடத்தையும் இழந்து நின்றது.

இந்நிலையில் அவரைக் கண்டறிந்தவர் ஓர் அயல்நாட்டினர் என்பது நோக்கற்பாலது. 1878இல் டோக்கியோப் பல்கலைக்கழகத்துக்கு மெய்யியல் கற்பிக்க வந்த அமெரிக்கராகிய எர்னஸ்ட் ஃபெனலோசா, 1880களில் ஹோகைக்கு உறுதுணையாயினார். அவர் 1885இல் மியிதெரா விகாரத்தைச் சார்ந்து பௌத்த ஒழுக்கமும் ஏற்றார். ஜப்பானியர் பலர் மேலைநாட்டை நோக்கிய காலத்தில், மேலைநாட்டார் ஒருவர் பௌத்தத்தை நோக்கினார். மேனாட்டு வண்ணங்கள் ஹோகையின் கைக்கு எட்டியதும் இத்தொடர்பினாலேயாம். 1886இல் அவர் எழுதிய, பேயைப் பிடிக்கும் ‘நியோ’ ஓவியத்தில் அவ்வண்ணங்களின் ஒளியைக் காணலாம்.

இனி, ஓவியத்தை நோக்குவோம். வானிடை நிற்கும் கன்னோன், சிறு குடுவையினின்று நீரைச் சொரிகிறார். கீழே ஒளி ஊடுருவும் கோளத்தினுள் குழவியொன்று அவரை அண்ணாந்து நோக்குகிறது. அதனினும் கீழே கரிய மலைமுகடுகள். இதன்கண் கன்னி மரியாள் ஓவியங்களின் சாயலைக் காண்பாரும் உளர். குழவியும் தாய்மையும் அக்கருத்துக்கு இடந்தரும் என்பது உண்மையே. எனினும் மரியாளின் மடியில் குழவி அமர்ந்திருக்கும்; இங்கோ குழவி தனித்துத் தன் பிறவிக்குள் இறங்குகிறது. குடுவை நீரும் பழைய கன்னோன் வடிவங்களுக்கு உரியதே. அன்றியும், கன்னோனின் முகத்தில் மெல்லிய மீசை வரையப்பட்டுள்ளது. இந்திய நூல்களில் அவலோகிதர் ஆண்வடிவினர். சீனத்திலோ காலப்போக்கில் பெண்வடிவும் பெற்றார். தலைப்புத் தாய் என்கிறது. முகமோ பழைய பௌத்த ஓவிய மரபைக் கைவிடவில்லை. ஆண், பெண் என்னும் வரம்பைக் கடந்த அருளையே ஓவியர் எழுதினார் எனக் கொள்ளுதல் பொருந்தும்.

அவலோகிதரின் உறைவிடம் போதலகம் என்னும் மலை என்பது பௌத்த மரபு. ஜப்பானியர் அதனை ‘ஃபுதராகு’ என்பர். அதனை நாடி நாச்சிக் கடற்கரையினின்று துறவியர் மீளா ஓடமேறித் தெற்கே சென்றதும் உண்டு. ஏழாம் நூற்றாண்டில் வந்த யுவான் சுவாங், மலகூட நாட்டுக்குத் தெற்கில் அம்மலையைக் குறிக்கிறார். அதனைப் பொதியில் மலை எனத் துணிந்தவருள் ஜப்பானிய அறிஞர் ஷூ ஹிகோசகாவும் ஒருவர். அகத்தியர் அவலோகிதரிடம் தமிழ் கேட்டார் என்னும் வீரசோழியச் செய்தியும் இத்துணிபுக்கு அரண் ஆகும். எனவே, ஹோகை எழுதிய அருளாளரின் வழி, சீனத்தையும் கடந்து தென்னிந்தியாவரை நீளக்கூடும்.

இவற்றால், தூய ஜப்பானியம் என ஒன்றை இவ்வோவியத்தினின்று பிரித்தெடுத்தல் அரிது என்பது போதரும். தெய்வம் இந்தியாவினது, வடிவம் சீனம் வழி வந்தது, வண்ணவொளி மேனாட்டுத் தொடர்பால் வாய்த்தது, தூண்டியவர் அமெரிக்கர். ஆயின் இவற்றை ஒன்றாக்கிய கோடு, தலைமுறை தலைமுறையாகக் கானோ குடியினர் பயின்ற கோடு. ஏற்பனவற்றை ஏற்று, அவற்றைத் தன் கையின் பயிற்சிக்கு உட்படுத்தும் ஆற்றலையே ஹோகையின் தனித்தன்மை எனல் வேண்டும்.

இவ்வோவியம் வழிபாட்டிடம் எதனையும் அடையவில்லை. 1889இல் பாடம் தொடங்கிய டோக்கியோ நுண்கலைப் பள்ளியின் உடைமையாயிற்று. அப்பள்ளியில் ஆசிரியராதற்கு இருந்த ஹோகை அதன் திறப்பைக் காணவில்லை. விகாரத்தினின்று வெளியேற்றப்பட்ட தெய்வம் இவ்வாறு கலைக்கூடத்தில் இடம்பெற்றது. அது வணக்கத்தின் இழப்போ, வணக்கம் கொண்ட புதுவடிவமோ என்பதைச் சமயமும் கலையும் பயில்வோர் மேலும் ஆராய்தல் தகும்.